கல்லூரி பாதி, பள்ளி பாதி: தமிழகத்தில் ஆசிரியர் உருவான வரலாறு

ஆசிரியர் பயிற்சி பெற்ற இருவர் சந்தித்தால் முதலில் விசாரித்துக்கொள்வது "எந்தக் காலேஜ்?" என்பதைத்தான். சைதாப்பேட்டை, லேடி வெலிங்டன், மெஸ்டன், பெரியநாயக்கன்பாளையம் என்று பதில் வரும். பயிற்சிக் காலத்தில் எந்தப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போனீர்கள், அங்கே வழிகாட்டியாக இருந்தவர் யார் என்று கேட்பவர் அரிது. கல்லூரிகள் வெள்ளி விழாவும் பொன் விழாவும் கொண்டாடி மலர் வெளியிடுகின்றன. அம்மலர்களில் முதல்வர்களின் படங்கள் வரிசையாக இடம்பெறும். தங்கள் வகுப்பறைகளைத் திறந்துவிட்ட பள்ளிகளுக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படுவதில்லை.

அந்தக் குறையைச் சிறிதளவாவது தீர்க்கவே இந்தக் கட்டுரை. பல்கலைக்கழகமும் கல்லூரியும் ஒருபுறம், பள்ளி மறுபுறம் நின்று புதிய ஆசிரியரை உருவாக்கிய இந்த உறவுக்குத் தமிழ் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. அதைத் தொடர்ந்து பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். பள்ளியைச் சரிபாதிப் பங்காளியாக மதித்தபோதெல்லாம் பயிற்சி தழைத்தது. பள்ளியை இரவல் வாங்கிய இடமாக நடத்தியபோதெல்லாம் அது சடங்காகச் சுருங்கியது.

சட்டாம்பிள்ளை காட்டிய வழி

கல்லூரி என்ற ஒன்று வருவதற்கு முன்பே நம் திண்ணைப் பள்ளிகளில் கற்பிக்கும் பயிற்சி நடந்துகொண்டுதான் இருந்தது. மணலில் விரலால் எழுதிப் பழகும் சிறுவர்களுக்கு மூத்த மாணவன் சொல்லிக்கொடுப்பான். அவன்தான் சட்டாம்பிள்ளை. வாத்தியார் எப்படிப் பாடம் சொல்கிறார் என்பதைப் பார்த்துப் பார்த்தே அவனும் வாத்தியாராக வளர்ந்தான்.

1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல். இங்குள்ள பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அந்த முறையைத் தம் விடுதியிலும் நடத்திப் பார்க்க விரும்பினார். ஆசிரியர்கள் அதற்கு இணங்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கின் என்ற எட்டு வயதுச் சிறுவனிடமே அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சோதனை வெற்றி பெற்றது. ஊர் திரும்பிய பெல் 1797இல் லண்டனில் வெளியிட்ட சிறுநூலின் வழியாக 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தில் பரவியது. குறைந்த செலவில் நிறையப் பேருக்குக் கல்வி தருவதே அங்கே அதன் பயனாகக் கருதப்பட்டது. நம் பார்வைக்கு முக்கியமானது வேறு: ஆசிரியர் பள்ளிக்குள்ளேயே உருவாக முடியும் என்பதை நவீனக் கல்வி உலகுக்கு முதலில் எடுத்துக்காட்டிய ஊர்களில் சென்னையும் ஒன்று.

வேப்பேரியிலிருந்து சைதாப்பேட்டைக்கு

1854இல் வந்த உட்ஸ் அறிக்கை, இந்தியாவில் பல்கலைக்கழகங்களை நிறுவவும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நார்மல் பள்ளிகளைத் தொடங்கவும் ஒருசேர வலியுறுத்தியது. சென்னையில் நார்மல் பள்ளி முந்திக்கொண்டது. 1856இல் வேப்பேரியில் அது தொடங்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1857இல். ஆசிரியரை உருவாக்கும் நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு ஓராண்டு மூத்தது என்பதில் இந்த மாகாணம் பெருமை கொள்ளலாம்.

1882இல் ஹண்டர் ஆணையம் நாட்டின் கல்வி நிலையை ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க இந்தியா முழுவதிலும் இரண்டே நிறுவனங்கள் இருந்தன. ஒன்று சென்னையில், மற்றொன்று லாகூரில். 1886இல் சென்னை நார்மல் பள்ளி ஆசிரியர் கல்லூரியாக உயர்ந்தது. பட்டதாரிகளுக்கான எல்.டி. என்னும் பட்டத்துக்கு அது மாணவர்களைத் தயார்செய்தது. அந்தப் பத்தாண்டுகளின் பிற்பகுதியில் சைதாப்பேட்டைக்கு இடம்பெயர்ந்தது. 19ஆம் நூற்றாண்டு முடியும்போது நாட்டில் இருந்த ஆறு பயிற்சிக் கல்லூரிகளில் சைதாப்பேட்டை, ராஜமுந்திரி இரண்டும் சென்னை மாகாணத்தில் இருந்தன.

சைதாப்பேட்டைக் கல்லூரி பள்ளியோடு சேர்ந்தே வளர்ந்தது. அதன் வளாகத்தில் மாதிரிப் பள்ளி ஒன்று இன்றும் மேல்நிலைப் பள்ளியாக இயங்குகிறது. ஒரே மதில்சுவருக்குள் கல்லூரியும் பள்ளியும் இருப்பதால் கிடைக்கும் நன்மை எளிதில் விளங்கும். காலையில் உளவியல் வகுப்பில் கவனம், நினைவு, மறதி பற்றிக் கேட்ட மாணவர், பிற்பகலில் அவற்றை உயிருள்ள பிள்ளைகளிடம் காணலாம். பேராசிரியரும் நாலு எட்டு நடந்துபோய்த் தாம் சொன்னது வகுப்பறையில் எடுபடுகிறதா என்று பார்த்துவிடலாம்.

இளம் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1910இல் ஆசிரியப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தது இந்தச் சைதாப்பேட்டைக்குத்தான். பின்னாளில் அவர் தலைமையேற்ற ஓர் ஆணையம் ஆசிரியர் பயிற்சியைப் பற்றி என்ன சொன்னது என்பதைச் சற்றுப் பின்னால் காண்போம்.

பெண்கள் கட்டிய இரட்டை நிறுவனம்

பள்ளியும் பயிற்சிக் கல்லூரியும் ஒன்றாகவே பிறக்க வேண்டும் என்பதற்கு நம்மிடையே உள்ள சிறந்த சான்று திருவல்லிக்கேணியில் இருக்கிறது. இளம் வயதிலேயே கணவரை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, தம்மைப் போன்ற இளம் விதவைகளுக்குக் கல்வி தரும் பணியில் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டவர். கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கிய விடுதியில் தங்கிப் படித்த பெண்களுக்கு ஆசிரியத் தொழிலே சொந்தக் காலில் நிற்கும் வழியாக அமைந்தது. படித்த பெண்ணுக்குப் பயிற்சியும் வேண்டும், பயிற்சி பெற ஒரு பள்ளியும் வேண்டும். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி பயிற்சிப் பள்ளியுடன் சேர்த்தே நிறுவப்பட்டது. அதன் முதல் முதல்வர் சகோதரி சுப்புலட்சுமியே.

சமூகம் மூலையில் உட்காரவைத்த பெண்கள் கரும்பலகைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பேசப் பழகியது இத்தகைய பயிற்சிப் பள்ளிகளின் வகுப்பறைகளில்தான். அவர்களிடம் படித்த சிறுமிகள் பலர் அவர்களைப் பார்த்தே ஆசிரியராக ஆசைப்பட்டார்கள். பள்ளி, பயிற்சி, மீண்டும் பள்ளி என்ற இந்தச் சுழற்சி தமிழகப் பெண்கல்வியின் வரலாற்றில் பெரும் சாதனை.

கோவைப் பக்கமும் இதே எண்ணம் வேர்விட்டது. தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா, பெரியநாயக்கன்பாளையத்தில் பள்ளியாக நிலைபெற்ற பிறகே 1950இல் ஆசிரியர் கல்லூரியைக் கண்டது. பள்ளி முதலில், கல்லூரி பிறகு என்ற அந்த வரிசையே ஒரு பாடம்.

நான்கு அறிக்கைகள், ஒரே கவலை

கல்லூரிக்கும் பள்ளிக்கும் இடையிலான இழை நைந்துபோகும் என்ற கவலை ஆட்சியாளர்களுக்கும் அறிஞர்களுக்கும் தொடர்ந்து இருந்துவந்தது. கர்சன் பிரபு காலத்தில், 1904இல் வெளியான கல்விக் கொள்கைத் தீர்மானம், பயிற்சிக் கல்லூரி ஒவ்வொன்றுடனும் பயிற்சிப் பள்ளி இணைந்திருக்க வேண்டும் என்றது. கல்லூரியில் கற்ற முறைகளைப் பணிக்குச் சேர்ந்த பிறகு ஆசிரியர் கைவிட்டுவிடாதபடி இரண்டுக்கும் இடையே தொடர்பைக் காக்க வேண்டும் என்றும் சொன்னது. 1917 முதல் 1919 வரை செயல்பட்ட சாட்லர் ஆணையம், பல்கலைக்கழகங்களில் கல்வித் துறை அமைக்கவும், அதனுடன் சோதனைப் பள்ளி ஒன்றை நடத்தவும் பரிந்துரைத்தது.

நாடு விடுதலை பெற்றபின் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்துக்குத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். பயிற்சிப் படிப்பில் பள்ளி அனுபவத்துக்கு அதிக நேரம் தர வேண்டும், மாணவரை மதிப்பிடும்போது அவர் வகுப்பறையில் கற்பித்த திறனுக்கு அதிக மதிப்புத் தர வேண்டும், பயிற்சிக் கல்லூரி ஆசிரியர்கள் பெரும்பாலும் பள்ளியில் நேரடியாகக் கற்பித்த அனுபவம் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று அந்த ஆணையம் வலியுறுத்தியது. சைதாப்பேட்டையில் பயிற்சி பெற்ற ஒருவரின் தலைமையில் இந்தக் குரல் எழுந்தது நமக்குப் பெருமை.

எல்லாவற்றிலும் ஆழமாகப் போனது டி.எஸ். கோத்தாரி தலைமையிலான 1964-66 கல்வி ஆணையம். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் மூன்று வகையில் தனித்துக் கிடக்கின்றன என்று அது கண்டது. பல்கலைக்கழகத்தின் அறிவு வாழ்விலிருந்து விலகி நிற்கின்றன, பள்ளிகளின் அன்றாட வாழ்விலிருந்து விலகி நிற்கின்றன, ஒன்றுக்கொன்றும் விலகி நிற்கின்றன. இதைப் போக்க ஆணையம் சொன்ன வழிகள் இன்று படித்தாலும் புதியவை. தேர்ந்தெடுத்த பள்ளிகளைக் கல்வித் துறை 'ஒத்துழைப்புப் பள்ளிகள்' என முறையாக அங்கீகரிக்க வேண்டும். கருவிகளுக்கும் மேற்பார்வைக்கும் அவற்றுக்குச் சிறப்பு நிதி தர வேண்டும். பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி ஆசிரியர்களும் குறிப்பிட்ட காலத்துக்கு இடம் மாறிப் பணிபுரிய வேண்டும்.

அங்கீகாரம், நிதி, ஆள் பரிமாற்றம் என்ற இந்த மூன்றும் ஒரு கூட்டுறவுக்கு இன்றியமையாதவை. இவற்றுள் எதுவும் தமிழகமெங்கும் வேரூன்றவில்லை என்பதே நம் வரலாற்றின் பெருங்குறை.

மைசூரில் ஒரு முன்னோடி முயற்சி

அந்த ஆணையம் அமைவதற்கு முன்பே, தென்னிந்தியாவில் ஒரு முன்மாதிரி உருவாகிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் 1952-53இல் பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்திருந்தது. தொழில்நுட்பம், வேளாண்மை, வணிகம் போன்றவற்றைப் பள்ளியிலேயே கற்பிக்க ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். அதற்காகத் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் 1963இல் அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூர் ஆகிய நகரங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகளைத் தொடங்கியது. தமிழகம் உள்ளிட்ட தென் மாநிலங்களுக்கு மைசூர்.

ஒவ்வொரு மண்டலக் கல்லூரிக்கும் சொந்தமாக ஒரு செயல்விளக்கப் பல்நோக்குப் பள்ளி உண்டு. பள்ளிப் படிப்பை முடித்தவர் நான்கு ஆண்டுகள் படித்தால் பாடப் பட்டமும் கல்வியியல் பட்டமும் சேர்ந்து கிடைக்கும். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் பட்டம், குழுமத்தின் கல்லூரி, அதனுடன் ஒரு பள்ளி என மூன்றும் ஒரே கோட்டில் நின்றன. நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த படிப்பு என்று இன்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்லும்போது, மைசூர் பழைய மாணவர்கள் பலர் மனத்துக்குள் புன்னகைத்திருப்பார்கள்.

அங்கே பின்பற்றிய இன்டர்ன்ஷிப் முறையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாணவர்கள் வளாகப் பள்ளியோடு நின்றுவிடாமல், வெளியே உள்ள ஒத்துழைப்புப் பள்ளிகளுக்குச் சென்று வாரக்கணக்கில் முழுநேர ஆசிரியர்போல் பணிபுரிந்தார்கள். அதற்கு முன்பே அப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களையும் வழிகாட்டி ஆசிரியர்களையும் அழைத்து மாநாடு நடத்தினார்கள். எந்த வாரத்தில் எந்தப் பாடம், எதைக் கவனிக்க வேண்டும், எப்படி மதிப்பிட வேண்டும் என்பதைக் கல்லூரியும் பள்ளியும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்தன. பள்ளி ஆசிரியரை அழைத்துக் கருத்துக் கேட்பது சிறிய செயலாகத் தோன்றலாம். அந்த அழைப்பு இருக்கும் இடத்தில்தான் பங்காளி உறவு தொடங்குகிறது.

பின் வரிசையில் அமர்ந்திருப்பவர்

வழிகாட்டி ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதை நேரில் கண்டால்தான் அவருடைய அருமை தெரியும். ஓர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடம். பின்னங்களைக் கூட்டுவது. பயிற்சி ஆசிரியை பாடக்குறிப்பைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருந்தார். வண்ண அட்டையில் வெட்டிய வட்டங்கள், தெளிவான கையெழுத்து, கணீரென்ற குரல். பின்னங்களுக்குப் பொதுவான பகுதி காண்பதைப் படிப்படியாக எழுதிக் காட்டினார். "புரிஞ்சுதா?" என்று கேட்டார். "புரிஞ்சுது மிஸ்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது.

பின் பெஞ்சில் அமர்ந்திருந்த வழிகாட்டி ஆசிரியை, பாடம் நடக்கும்போதே தம் பக்கத்துப் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் பயிற்சி ஆசிரியையை வராந்தாவுக்கு அழைத்துப்போய்ச் சொன்னார்: "நல்லா நடத்தினேம்மா. ஆனா, எல்லாரும் சேர்ந்து 'புரிஞ்சுது'ன்னு சொன்னா அதை நம்பாதே. இந்த நாலு நோட்டைப் பாரு. 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டி 2/5னு போட்டிருக்காங்க. மேலே இருக்கிறதை மேலே கூட்டிட்டாங்க, கீழே இருக்கிறதைக் கீழே கூட்டிட்டாங்க. தப்புன்னு அடிச்சுத் திருத்தாதே. 2/5 பெரிசா, அரை பெரிசான்னு நாளைக்கு அவங்களையே கேளு."

மறுநாள் காகித நாடாக்களை மடித்துப் பார்த்த பிள்ளைகள், 2/5 அரையைவிடச் சிறியது என்று கண்டார்கள். அரையோடு ஒன்றைக் கூட்டினால் அரையைவிடக் குறைவாக எப்படி வரும் என்று ஒரு சிறுமி எழுந்து கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து பாடம் தானாக நகர்ந்தது.

பயிற்சி ஆசிரியையின் ரெக்கார்டு நோட்டில் இதற்கென ஒரு கட்டம் இல்லை. துணைக்கருவி, குரல், கரும்பலகை எழுத்து, வகுப்புக் கட்டுப்பாடு என்ற தலைப்புகளின் கீழ் மதிப்பெண் இருந்தது. வழிகாட்டி ஆசிரியைக்கு அதில் கையெழுத்துப் போட ஒரு கோடு மட்டும் இருந்தது. பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்பதைப் பல ஆண்டு அனுபவத்தில் அறிந்த ஒருவரின் அறிவு, புதிய ஆசிரியருக்கு நேரடியாகக் கைமாறிய தருணம் அது. பல்கலைக்கழகத்தின் எந்த விரிவுரையும் அதற்கு ஈடாகாது. அதே சமயம், பிள்ளைகள் ஏன் அப்படித் தவறுகிறார்கள், வேறு நாடுகளிலும் அதே தவறு நிகழ்கிறதா, ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதை விளக்கக் கல்லூரிதான் வேண்டும். இருவரும் ஒரே வராந்தாவில் நின்று பேசினால் அந்தப் புதிய ஆசிரியை எவ்வளவு உயர்வார்!

பிற நாடுகளின் அனுபவம்

இந்தச் சந்திப்பை அமைப்பாகவே மாற்றிக் காட்டிய நாடுகள் உண்டு. 1987இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கல்வித் துறையும் அந்தக் கவுன்ட்டியின் உயர்நிலைப் பள்ளிகளும் சேர்ந்து இன்டர்ன்ஷிப் திட்டம் ஒன்றைத் தொடங்கின. பயிற்சி மாணவர் ஒரே பள்ளியில் நீண்ட காலம் இருப்பார். பாடத்துக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர், பள்ளி முழுமைக்கும் ஒரு பொறுப்பாசிரியர் என இருவர் அவரைக் கவனிப்பார்கள். பாடத்திட்டத்தையே இரு தரப்பும் கூடி வகுத்தன. பல்கலைக்கழகம் சொல்வதைப் பள்ளி அனுபவத்தாலும், பள்ளியின் பழக்கத்தைப் பல்கலைக்கழக ஆய்வாலும் மாணவர் உரசிப் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1992இல் இங்கிலாந்து அரசு, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பட்டமேற்படிப்புப் பயிற்சியில் மூன்றில் இரண்டு பங்குக் காலம் பள்ளியில் கழிய வேண்டும் என்று விதித்தது. பயிற்சிக்கான பணத்தில் ஒரு பகுதியும் பள்ளிகளுக்குச் சென்றது.

ஃபின்லாந்து 1970களில் ஆசிரியர் கல்வியைப் பல்கலைக்கழகங்களுக்குள் கொண்டுவந்தது. பயிற்சிப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களின் உறுப்புகளாகவே ஆயின. அங்கே பணியாற்றும் ஆசிரியருக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதைப் போலவே பயிற்சி மாணவரை வழிநடத்துவதும் வேலையின் பகுதி. அது தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டதற்காகச் செய்யும் உபகாரம் அன்று.

நம் ஊரிலேயே இதற்கு ஒப்பான ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியும் அரசுப் பொது மருத்துவமனையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. காலையில் வார்டில் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரே பிற்பகலில் வகுப்பெடுக்கும் பேராசிரியர். நோயாளியைத் தொடாதவர் மருத்துவம் கற்பிப்பதை யாரும் ஏற்கமாட்டார்கள். ஆசிரியர் கல்விக்கும் அந்த மதிப்பை நாம் கோர வேண்டும்.

20 வாரங்கள்

1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனங்கள் வந்தன. சைதாப்பேட்டைக் கல்லூரி கல்வியியல் மேம்பாட்டு நிறுவனமாக உயர்ந்தது. 2000க்குப் பிறகு தனியார் கல்வியியல் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. அவற்றை ஒரே குடையின்கீழ் கொண்டுவரத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008இல் உருவானது. கல்லூரிகள் பெருகிய வேகத்துக்குப் பள்ளிகளோடு உறவு வளரவில்லை. முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதத்தோடு ஒரு குழு வரும், சில வாரங்களில் போகும், அடுத்த ஆண்டு வேறு குழு வரும் என்ற நிலை பல பள்ளிகளில் ஏற்பட்டது. தேர்வு நெருங்கும் காலத்தில் பயிற்சி மாணவர்களைத் தலைமையாசிரியர்கள் சுமையாகக் கருதினார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் கேட்கப்பட்டது இடம் மட்டுமே.

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012இல் இந்தச் சீர்கேட்டை எடுத்துக்காட்டியது. ஒவ்வொரு பயிற்சி நிறுவனத்துக்கும் ஆய்வுக்கூடமாக ஒரு பள்ளி இணைந்திருக்க வேண்டும் என்றது. அதன் தொடர்ச்சியாகத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 நெறிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கின. பள்ளியில் கழிக்க வேண்டிய காலம் முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம் என 20 வாரங்களாக உயர்ந்தது. இது பெரிய வாய்ப்பு. 16 வாரம் ஒரே பள்ளியில் இருக்கும் இளம் ஆசிரியருக்குப் பிள்ளைகளின் பெயர் தெரியும், வீட்டு நிலைமை தெரியும், தாம் நடத்திய பாடத்தின் பலனைத் தேர்வுத் தாளில் காணவும் நேரம் இருக்கும். காலத்தை நீட்டினால் மட்டும் போதாது. அந்தக் காலத்தில் அவரை வளர்ப்பவர் யார் என்பதற்கும் விடை வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவை

கோத்தாரி ஆணையம் 1966இல் காட்டிய வழியிலேயே நாம் நடக்கலாம். முதலாவதாக, ஒவ்வொரு கல்வியியல் கல்லூரியும் தன் சுற்றுவட்டாரத்தில் சில பள்ளிகளைத் தேர்ந்து, ஆண்டுதோறும் மாற்றாமல், நீண்டகால ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அவற்றில் அரசுப் பள்ளிகள் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டாவதாக, வழிகாட்டி ஆசிரியருக்கு வாரப் பாடவேளையைக் குறைத்து, மதிப்பூதியமும் பணிப்பதிவேட்டில் ஒரு குறிப்பும் தர வேண்டும். மூன்றாவதாக, செய்முறை மதிப்பெண்ணில் அவருக்குக் கையெழுத்துக்கு மேற்பட்ட பங்கு வேண்டும். நான்காவதாக, கல்வியியல் கல்லூரிப் பேராசிரியர்கள் ஆண்டுக்குச் சில வாரமாவது பள்ளியில் பாடம் நடத்த வேண்டும். பள்ளியின் மூத்த ஆசிரியர்கள் கல்லூரிக்கு வந்து வகுப்பெடுக்க வேண்டும்.

இவற்றுள் சிலவற்றுக்கு அரசாணை தேவை. வேறு சிலவற்றைக் கல்லூரி முதல்வரும் தலைமையாசிரியரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசினாலே தொடங்கிவிடலாம். பழைய மாணவர் சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நம்மை வளர்த்த கல்லூரிக்குக் கட்டடம் எழுப்ப நன்கொடை தரும் நாம், நமக்கு முதல் வகுப்பைத் தந்த பள்ளியின் நூலகத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் அதே மனத்தோடு தர வேண்டும். இனி வரும் விழா மலர்களில் கல்லூரி முதல்வர்களின் வரிசைக்கு அடுத்த பக்கத்தில் ஒத்துழைப்புப் பள்ளிகளின் பெயர்களும், அங்கே பணியாற்றிய வழிகாட்டி ஆசிரியர்களின் பெயர்களும் அச்சாகட்டும். சரிபாதி உழைத்தவர்களுக்குச் சரிபாதி மரியாதை தருவது கடமை. அதைச் செய்யும் கல்லூரியில்தான் அடுத்த தலைமுறையின் நல்லாசிரியர்கள் உருவாவார்கள்.